அன்னக்காலும் இரட்டைக்கொம்பும்

ஜெர்மன் மொழியில் மேற்கோள் குறிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று இலக்கண நூலுக்குரியது: அன்ஃப்யூருங்ஸ்ட்சைஷன். 'எடுத்துரைத்தலுக்கான அடையாளம்' என்று பொருள். மற்றொன்று பள்ளிப் பிள்ளைகளும் அச்சகத்தாரும் வழங்குவது: கென்ஸஃப்யூஸ்ஷென். மூன்று உறுப்புகள் சேர்ந்த தொகைச்சொல் இது. 'கான்ஸ்' என்பது வாத்தினத்தில் பெரிய பறவை. 'ஃபூஸ்' என்பது கால். இறுதியில் நிற்கும் 'ஷென்' சிறுமை காட்டும் விகுதி. சேர்த்தால் 'வாத்தின் சின்னஞ்சிறு கால்கள்'. 18ஆம் நூற்றாண்டு அச்சகங்களின் பேச்சுவழக்கிலிருந்து வந்த சொல் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஜெர்மன் அச்சில் தொடக்கக் குறி வரியின் அடியில் கிடக்கும், முடிவுக் குறி வரியின் தலையில் நிற்கும். அடியில் கிடக்கும் அந்த இரண்டு கீற்றுகளைப் பார்த்தால் ஈரமண்ணில் பதிந்த தடம்போலவே இருக்கும்.

'வாத்துக்கால்' என்று மொழிபெயர்த்துவிட்டு நாம் கடந்துபோகலாம். ஆனால் இந்தச் சொல்லின் இரண்டு பகுதிகளுக்கும் நம் பக்கத்தில் உறவினர் இருக்கிறார்கள். ஜெர்மன் 'கான்ஸ்', ஆங்கில 'கூஸ்', இலத்தீன் 'ஆன்சர்', வடமொழி 'ஹம்ச' ஆகிய நான்கும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ஹம்சமே தமிழில் அன்னமாயிற்று என்று தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. அதேபோல 'ஃபூஸ்', ஆங்கில 'ஃபுட்', வடமொழி 'பாத' ஆகியவை ஒரு குடும்பம். ஆகவே கென்ஸஃப்யூஸ்ஷென் என்பதைச் சொல்லுக்குச் சொல் நேரான உறவினரைக்கொண்டு பெயர்த்தால் வருவது 'அன்னப்பாதம்'. ஜெர்மானிய அச்சுக்கோப்பாளர் சமையலறைப் பறவை ஒன்றை நினைத்துச் சூட்டிய பெயர், நம்மிடம் வந்ததும் தமயந்தியின் தூதுப் பறவையாகிவிடுகிறது.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கற்பனை. ஆனால் பிசிராந்தையார் புறநானூற்றில் அழைத்துப் பேசும் அன்னச்சேவல் குமரித்துறையில் இரை உண்டு வடமலை நோக்கிப் பறப்பது. அந்த வழித்தடம் கற்பனையன்று. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் இன்றும் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து போகின்றன. அன்னம் என்றதும் வெள்ளை நிற நீள்கழுத்துப் பறவையை மட்டும் நினைக்கும் நமக்கு இந்தப் பழுப்பு வாத்தை அன்னம் என்று ஏற்க மனம் வருவதில்லை. ரவிவர்மா அச்சுப்படங்கள் செய்த வேலை அது.

சரி, குறிக்கு வருவோம். இந்த அடையாளத்தைக் கண்டவுடன் விலங்கையோ பறவையையோ நினைத்தவர்கள் ஜெர்மானியர் மட்டுமல்லர். அவர்களிடமே 'முயல்காது' என்றொரு பழைய பெயரும் இருந்திருக்கிறது. டேனிஷ்காரர்களுக்கு இது வாத்தின் கண். ஹங்கேரியருக்குப் பூனை நகம். ருஷ்யர்கள் ஜெர்மன் வடிவக் குறியைச் 'சிறுபாதங்கள்' என்றும், பிரெஞ்சு வடிவமான கோணக்குறியைச் 'சின்ன ஊசியிலை மரங்கள்' என்றும் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் பெயரான 'கியெமே' கியோம் என்ற ஆள்பெயரின் செல்லச் சுருக்கம். ஓர் அச்சாளரின் நினைவு என்பது மரபு. ஆங்கிலேயர் மட்டும் கற்பனையை ஒதுக்கிவிட்டுத் 'தலைகீழ்க் கமா' என்றார்கள். அது பட்டறை உண்மை. ஈய எழுத்துக் கோக்கும் காலத்தில் தொடக்கக் குறிக்கென்று தனி அச்சு வேண்டியதில்லை, கமாவைத் தலைகீழாக நிறுத்தினால் போதும்.

இத்தனைக்கும் மூலமான குறி கிரேக்கச் சுவடிகளின் ஓரத்தில் இடப்பட்ட கோணக்கோடு. கவனிக்கத்தக்க வரி என்று காட்டுவதற்காக உரைகாரர்கள் அதை இட்டார்கள். பின்னர் கிறித்தவ நூல்களில் வேத வசனம் வரும் வரிகளுக்கு ஓரத்தில் அதே அடையாளம் வந்தது. அச்சு வந்தபின் ஓரத்திலிருந்து வரிக்குள் இறங்கியது. முதலில் அது பிறர் பேச்சைக் குறிக்கவில்லை, 'இங்கே பார்' என்று விரல் நீட்டியது மட்டுமே. பேச்சின் வேலியாக அது மாறியது மிகப் பின்னால்.

நம் 'மேற்கோள் குறி' என்ற பெயரில் கால் இல்லை, காது இல்லை, நகமும் இல்லை. மேற்கோள் அளவை நூலின் சொல். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வாதத்தின் உறுப்புகளை அடுக்கும்போது, நிறுவ எடுத்துக்கொண்ட பொருளுக்கு மேற்கோள் என்று பெயர். பிற்காலத்தில் தன் கருத்துக்குத் துணையாக எடுத்தாளும் பிறர் வாக்கு மேற்கோள் ஆயிற்று. பிறகு அந்த வாக்கைச் சுற்றி இடும் அடையாளமும் அந்தப் பெயரையே பெற்றது. பழைய இலக்கண வழக்கில் 'அனுகரணக்குறி' என்றும் இதைச் சொல்வதுண்டு. அனுகரணம் என்றால் ஒருவர் சொன்னதையோ ஓர் ஓசையையோ அப்படியே போலச் சொல்லுதல். பெயர் வழங்காமல் போயிற்று. ஆனால் குறி செய்யும் வேலையை மேற்கோளைவிடச் சரியாகச் சொன்ன பெயர் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் ஒருத்தி சொன்ன வசவை நாம் மேற்கோள் காட்டுவதில்லை, அனுகரிக்கிறோம்.

தமிழுக்கு இந்தக் குறி ஏன் இவ்வளவு தாமதமாகத் தேவைப்பட்டது என்பதற்கு மொழியிலேயே விடை இருக்கிறது. 'என' என்னும் இடைச்சொல்லே நம் மேற்கோள் குறி. தொல்காப்பியர் இடையியலில் இதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளைச் சொல்கிறார். பேச்சு முடிந்த இடத்தில் என்று, என, என்றனன், என்ப என ஏதோ ஒன்று வந்து கதவைச் சாத்திவிடுகிறது. உரையாசிரியர்கள் 'என்பது', 'என்றவாறு' ஆகியவற்றைச் சுருக்கி இரண்டு எழுத்தில் இட்டு அதே வேலையைச் செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'என' கதவைச் சாத்துமே தவிர, கதவு எங்கே திறந்தது என்று சொல்லாது. 'தந்தை வந்தார் மகன் போனான் என்றாள்' என்ற வாக்கியத்தில் அவள் சொன்னது எது? தந்தை வந்ததும் மகன் போனதும் இரண்டுமா? அல்லது தந்தை வந்தது ஆசிரியர் கூற்று, மகன் போனது மட்டும் அவள் கூற்றா? பேச்சில் குரல் இதைத் தீர்த்துவிடும். ஓலையில் குரல் இல்லை. சங்கப் பாடல்களிலும் சிலம்பிலும் ஒருவர் கூற்று எங்கே தொடங்குகிறது என்பதை உரைகாரர் கொண்டுகூட்டித்தான் முடிவு செய்கிறார். ஓர் உரைகாரருக்குத் தோழி கூற்றாக இருப்பது மற்றவருக்குத் தலைவி கூற்றைத் தோழி எடுத்துச் சொல்வதாகிறது. ஆகவே பழம்பாடலுக்கு மேற்கோள் குறி இட்டுப் பதிப்பிப்பது எளிய வேலை அன்று. தொடக்கக் குறியை இட்ட கணத்தில் பதிப்பாசிரியர் ஓர் உரையை எழுதிவிடுகிறார். 1950களில் மர்ரே நிறுவனம் சந்தி பிரித்து நிறுத்தக்குறிகளுடன் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளால் நாம் பெற்ற நன்மைக்கு அளவில்லை. அப்பதிப்புகளைக் கொண்டு பயின்ற எங்கள் தலைமுறைக்கு, அந்தக் குறிகள் புலவர் இட்டவை அல்ல என்பது மறந்தும் போயிற்று. ஆய்வேடுகளில் மேற்கோள் குறியையே சான்றாக வைத்து 'இது தலைவன் கூற்று' என்று எழுதுபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நிறுத்தக்குறிகளில் விலங்கு இல்லையே தவிர, எழுத்தின் உறுப்புகளில் தமிழர் கொட்டில் கட்டியே வைத்திருக்கிறார்கள். உயிர்மெய்யில் வரும் துணைவடிவங்களின் பெயர்களைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால், கொம்புக்கால். இகர ஈகாரங்களுக்கு மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி. உகர ஊகார வடிவங்கள் சிலவற்றுக்குக் கீழ்விலங்கு. இவற்றில் 'விலங்கு' என்பதைச் சிறைவிலங்கு என்று நினைப்பார்கள். விலங்குதல் என்றால் குறுக்காகச் செல்லுதல், குறுக்கிடுதல். நிமிர்ந்து நிற்கும் மனிதனைப்போலன்றி உடல் குறுக்காகக் கிடப்பதால் மாவுக்கும் விலங்கு என்று பெயர். வடமொழியில் 'திர்யக்' என்று சொல்வதும் அதே பார்வைதான். எழுத்தின் மேல்விலங்கும் குறுக்கே வளைந்து செல்லும் கீற்றுதான். கொம்பும் அப்படியே இருபொருள் உடையது: மாட்டின் கொம்பு, மரத்தின் கொம்பு. எழுத்துக்கு முன்னால் வளைந்து நிற்கும் இந்த வடிவத்துக்கு மாட்டின் கொம்பே பொருத்தம் என்பது என் கட்சி. கால் பின்னால் நிற்க, கொம்பு முன்னால் நிற்பதுதானே முறை. 1978க்கு முன் அச்சில் இருந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களை நினைவுள்ளவர்கள் யானைத் துதிக்கையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆண்டு தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது துதிக்கை போய், எல்லா எழுத்துக்கும் ஒரே இணைக்கொம்பு முளைத்தது.

இந்தக் கொம்புகளில் ஒன்றுக்கு முகவரி உண்டு. அதைச் சுழித்து இரட்டையாக்கியவர் வீரமாமுனிவர் என்னும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்து, 1710இல் கோவா வந்து, மதுரை மிஷனில் பணியாற்றி, 1747இல் மறைந்தவர். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை என்று அவர் எழுதியவற்றைப் பட்டியலிட வேண்டியதில்லை. ஏலாக்குறிச்சி அவர் பெயரோடு ஒட்டிவிட்ட ஊர். அதோடு புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலும் அவர் பணியாற்றினார் என்பது அவ்வூரின் பெருமை.

ஆ, ஊர் என்ற இரண்டு சொற்களும் வகர உடம்படுமெய் பெற்று ஆவூர் ஆகின்றன, பசுக்களின் ஊர். சோழநாட்டிலும் ஓர் ஆவூர் உண்டு. சங்கப் புலவர்களில் ஆவூர் மூலங்கிழாரும் ஆவூர் கிழாரும் இருக்கிறார்கள். புதுக்கோட்டை ஆவூரின் புகழ் வேறுவகை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ழான் வெனான் புஷே என்னும் பிரெஞ்சு சேசு சபைத் துறவி இங்கே கோயில் எழுப்பினார். அவரும் அவர் சகாக்களும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பாரிஸில் அச்சாகி வாசிக்கப்பட்டபோது, 'அவூர்' என்ற பெயர் பிரெஞ்சு வாசகருக்குத் தெரிந்த பெயராயிற்று. இன்றைய பெரிய கோயில் 1747இல் கட்டப்பட்டது. பாஸ்கா நாடகத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் எல்லாச் சமயத்தாரும் கூடும் ஊர் இது.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சரிசெய்துவிட வேண்டும். மாவட்டச் சுற்றுலாக் குறிப்புகளில், அவற்றைப் படியெடுத்த எண்ணற்ற பக்கங்களில், புஷே பழைய கோயிலைக் கட்டிய ஆண்டு 1547 என்று இருக்கிறது. புஷே பிறந்தது 1655இல். சேசு சபையே 1540இல்தான் தோன்றியது. மதுரையில் மிஷன் தொடங்கியது 1606இல், ராபர்ட் டி நொபிலி வந்தபின். ஆகவே 1547 எந்த வகையிலும் பொருந்தாது. ஏதோ ஒரு கையில் இலக்கம் பிறழ்ந்திருக்கிறது. அதற்குப் பின் யாரும் நின்று கூட்டிப் பார்க்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுப் பழமை கூடுதலாகக் கிடைத்தால் ஊருக்கு நட்டமில்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அப்படி விட்டால் புஷே என்ற மனிதர் மறைந்து பெயர் மட்டும் நிற்கும்.

கொம்புக்குத் திரும்புவோம். தொல்காப்பியர் காலத்து எழுத்தில் நெடிலுக்கு அடையாளம் இல்லை, குறிலுக்குத்தான் இருந்தது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று கூறிய கையோடு, எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்கிறார் அவர். அதாவது 'எ' என்று புள்ளியோடு எழுதினால் குறில், புள்ளியின்றி எழுதினால் ஏகாரம். உயிர்மெய்யிலும் அதே முறை. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் புள்ளி இடுவது அருகிவிட்டது. புள்ளி போனதும் மெய்யும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒன்றாயின. எகரமும் ஏகாரமும் ஒன்றாயின. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவமாக இருந்தது மற்றொரு தொல்லை. சுவடியில் எரியும் ஏரியும் ஒன்றே. கொல்லும் கோலும் ஒன்றே. பெறுவதும் பேறும், தொடுவதும் தோடும், கொடுப்பதும் கோடும் அப்படியே. கோடு என்ற சொல்லுக்கே கொம்பு என்று பொருள் இருப்பதை நினைத்தால், கொம்பைச் சுழித்தால்தான் கொம்பு கிடைக்கும் என்ற வேடிக்கையும் இதில் உண்டு.

புள்ளி ஏன் போயிற்று? எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும், அதனால் விட்டார்கள் என்பது நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லும் விளக்கம். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கல்வெட்டுகளைப் பாருங்கள். பல்லவர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் புள்ளி காணப்படுகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் இல்லை. கல் கிழியுமா? செப்பேடு கிழியுமா? கிழியாத பொருளிலும் புள்ளி விடப்பட்டிருக்கிறது என்றால், காரணம் எழுதுபொருளில் மட்டும் இல்லை, படிப்பவரிடமும் இருக்கிறது. மொழி தெரிந்தவருக்குப் புள்ளி தேவைப்படவில்லை. செய்யுளில் ஒரு நெடில் குறிலானால் தளை தட்டும். காது உடனே திருத்திக்கொள்ளும். ஏட்டைப் படித்தவர்கள் பெரும்பாலும் முன்பே மனப்பாடம் செய்ததைத்தான் ஏட்டில் பார்த்தார்கள். தெரிந்த பாடலுக்கு எழுத்து ஒரு நினைவூட்டல் மட்டுமே.

தெரியாததைப் படிக்க வேண்டியவனுக்குத்தான் கஷ்டம். முப்பது வயதில் வந்து இறங்கி, அகரத்திலிருந்து தொடங்கிய இத்தாலியருக்கு, பின்னால் வரப்போகும் தம் போன்ற அந்நியர்களுக்கும் சேர்த்து ஒரு வழி தேவைப்பட்டது. தளை காட்டிக்கொடுக்காத உரைநடை எழுதத் தொடங்கியவருக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது. பெஸ்கி இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தில் இந்த இடர்ப்பாட்டைச் சொல்லி, கொம்பின் தலையைச் சுழித்தால் நெடில், சுழிக்காவிட்டால் குறில் என்று தாம் கண்ட உபாயத்தையும் சொல்கிறார். 1730இல் முடித்த தொன்னூல் விளக்கத்தில் நீட்டலும் சுழித்தலும் நெடிலுக்கு அடையாளம் என்று நூற்பாவாகவே செய்துவிட்டார். ஏகாரத்துக்கு அடியில் இழுத்த கீற்றும் ஓகாரத்துக்குக் கீழ்ச்சுழியும் இந்த வழியில் வந்தவை.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. தொல்காப்பியர் அடையாளத்தைக் குறிலுக்குக் கொடுத்தார். முனிவர் அதை நெடிலுக்கு மாற்றினார். ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள் தத்தம் குறிலைவிட ஒரு கீற்று கூடுதலாகப் பெற்றே நிற்கின்றன. எகர ஒகரங்கள் மட்டும் முறைமாறிக் குறிலுக்குச் சுமை ஏற்றியிருந்தன. அந்த முறைமாற்றத்தை அவர் நேராக்கினார். புதிய எழுத்து ஒன்றைக்கூட உண்டாக்காமல், இருக்கிற கொம்பை ஒருமுறை கூடுதலாகச் சுழித்ததோடு நிறுத்திக்கொண்டார். ஓலையில் ஓடும் எழுத்தாணிக்குச் சுழி எளிது, புள்ளிக்காகக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

அந்த இலத்தீன் இலக்கணம் அச்சேறிய கதைதான் நம்மை மறுபடி வாத்துக்கால் தேசத்துக்குக் கொண்டுபோகிறது. 1706இல் டென்மார்க் அரசரின் ஆதரவில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, லுத்தரன் மிஷனைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கத்தோலிக்கரான பெஸ்கிக்கும் இவர்களுக்கும் கடும் பகை. வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று அவர் எழுதிய கண்டன நூல்களின் வசை நயத்தை உரைநடை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது யார் என்றால், அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்தான். பெஸ்கி அப்போது உயிரோடு இருந்தார். தங்களைத் திட்டியவரின் புத்தகத்தைத் தங்கள் செலவில் கோத்து அச்சிட்டார்கள். அதைவிடச் சிறந்த பேச்சுத்தமிழ் இலக்கணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. சபைகளின் சண்டையை மீறி ஓர் இலக்கணம் பிழைத்த கதை இது. நம் பல்கலைக்கழகத் துறைகளுக்கிடையே இப்படி நடப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரட்டைக்கொம்பு உடனே பரவிவிடவில்லை. ஓலையில் எழுதியவர்கள் பழைய முறையிலேயே எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டு அச்சுதான் அதை நிலைநிறுத்தியது. ஈய எழுத்தில் ஒரு வடிவத்தை ஒருமுறை வார்த்துவிட்டால், அதைப் பயன்படுத்தும் கோப்பாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

இவ்வளவு செய்தவர்மேல், செய்யாததையும் ஏற்றிவிடுவது நம் வழக்கம். தமிழில் நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவரும் வீரமாமுனிவரே என்று மேடைகளில் கேட்கிறோம். போட்டித்தேர்வுக் கையேடுகள் சிலவும் அப்படி எழுதுகின்றன. அவர் சீர்திருத்தம் எழுத்தின் உள்ளே நடந்தது. சொற்களுக்கும் வாக்கியங்களுக்கும் இடையே வரும் குறிகள் வேறு வரலாறு. அவர் உரைநடை நூல்கள் அவர் காலத்தில் கையெழுத்தாகவே உலவின. பரமார்த்த குருவின் கதை லண்டனில் பாபிங்டனால் அச்சிடப்பட்டதே 1822இல். நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாக நிலைபெறச் செய்த பெருமையை இலக்கிய வரலாறுகள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கே தருகின்றன. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் பல ஆண்டு உழைத்தவர் அவர். 1849இல் சொந்த அச்சுக்கூடம் கண்டு, பால பாடங்களையும் பெரிய புராண வசனத்தையும் அச்சிட்டார். ஆங்கில வாக்கியத்தில் கமா செய்யும் வேலையை அருகிருந்து பார்த்து, அதைச் சைவ வசனத்துக்குக் கொண்டுவந்தார். கத்தோலிக்க முனிவருக்குக் கொம்பும் சைவ நாவலருக்குக் குறியும் என்று பங்கு பிரிந்திருப்பதில் யாருக்கும் குறைவில்லை.

இந்தக் குறிகளின் தமிழ்ப்பெயர்களில்தான் நான் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு விளக்கத்தைக் கேட்கிறேன். காற்புள்ளி என்பதற்குப் பெயர்க்காரணம் கேட்டால், 'புள்ளிக்குக் கீழே ஒரு கால் இருக்கிறது ஐயா' என்று பாதி வகுப்பு சொல்லும். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. கமாவின் வால், கால்போலவே இருக்கிறது. ஜெர்மானியன் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வான். ஆனால் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற வரிசை அதை அனுமதிக்காது. இந்தக் கால் நான்கில் ஒரு பங்கு. ஒரு மாத்திரை நிறுத்தினால் காற்புள்ளி, இரண்டு மாத்திரைக்கு அரைப்புள்ளி, மூன்றுக்கு முக்கால், நான்குக்கு முற்று. கமாவுக்கு ஒன்று எண்ணு, செமிகோலனுக்கு இரண்டு எண்ணு என்று பழைய ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்கள் சொன்ன கணக்குதான் இது. அந்தக் கணக்கை மாத்திரையாக்கி, நாழியும் படியும் அளந்த பின்ன வாய்பாட்டிலிருந்து பெயர் எடுத்தவர் யாராயினும், அவருக்கு மொழி கைவந்திருந்தது.

மாணவர்களை அத்தோடு மடக்கிவிட்டதாக நினைத்தால் அதுவும் சரியில்லை. நாலில் ஒன்றுக்குக் கால் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நாலுகால் விலங்கில் ஒரு கால் நாலில் ஒரு பங்கு. வடமொழியில் பாதம் என்றால் காலடி, செய்யுளின் நாலில் ஒரு பகுதியும் பாதம். இந்தியில் கால்பங்கைக் குறிக்கும் 'பாவ்' அதன் வழிவந்தது. அரை என்பதற்கும் இரு பொருள்: பாதி, இடுப்பு. அரைஞாண் கட்டுவது அந்த அரையில். நிற்கும் உடம்பைப் பாதியாகப் பிரிக்கும் இடம் இடுப்பு. ஆக, கால், அரை என்னும் பின்னப் பெயர்கள் உடம்பை அளந்து பிறந்தவை என்று கருத இடமிருக்கிறது. அப்படியானால் காற்புள்ளியில் கடைசியில் ஒரு கால் இருக்கத்தான் செய்கிறது, மாணவன் சொன்ன இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் 'கொம்மா' என்றால் வெட்டிய துண்டு. 'கோலன்' என்றால் கை கால் போன்ற உறுப்பு. வாக்கியத்தை ஓர் உடம்பாகப் பார்த்து, அதன் துண்டுக்கும் உறுப்புக்கும் இட்ட பெயர்கள் பின்னர் குறிகளுக்கு ஆகிவந்தன. தமிழ் யாப்பும் அப்படியே. உறுப்பியல் என்றே இயலுக்குப் பெயர், வரிக்கு அடி என்று பெயர். அடியென்றால் பாதம்.

பெயர் சூட்டியதில் நாம் கெட்டிக்காரத்தனம் காட்டிய இன்னோர் இடம் ஆச்சரியக்குறி. அதற்கு 'மெய்ப்பாட்டுக்குறி' என்றொரு பெயர் உண்டு. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னார். அவற்றில் மருட்கை ஒன்றுதான் ஆச்சரியம். ஆனால் அந்தக் குறியை அழுகைக்கும் வெகுளிக்கும் உவகைக்கும் இடுகிறோம். எட்டையும் தாங்கும் பெயர் இருக்க, எட்டில் ஒன்றை மட்டும் சொல்லும் பெயரே பாடநூலில் வென்றது. வியப்புக்குறி, உணர்ச்சிக்குறி என்று பின்னால் வந்தவற்றிலும் மெய்ப்பாட்டின் கனம் இல்லை.

ஆய்த எழுத்தின் கதையும் இதற்கு நெருக்கமானது. தொல்காப்பியத்தில் அதற்கு முப்பாற்புள்ளி என்று பெயர். மூன்று கூறாக நிற்கும் புள்ளி என்ற வடிவப்பெயர், வாத்துக்கால் வகை. ஆய்தம் என்பதோ ஓசைப்பெயர். ஆய்தல் என்றால் நுணுகுதல் என்று உரியியலே சொல்கிறது. நுணுகி ஒலிப்பது ஆய்தம். இரண்டும் மறந்துபோக, மக்கள் அதை ஆயுதம் ஆக்கி, ஆயுத எழுத்து என்று கேடயத்தைக் கண்டார்கள். அடுப்புக்கல் மூன்றைக் காட்டி விளக்கிய ஆசிரியர்களும் உண்டு. முப்பாற்புள்ளியை முதலில் சொன்னவருக்கு அடுப்பும் கேடயமும் தேவைப்படவில்லை. தாம் கண்ட மூன்று புள்ளிகளை மூன்று புள்ளி என்றார்.

ஜெர்மன் அச்சில் வாத்து இப்போதும் அடியில் ஒரு கால், தலையில் ஒரு கால் என்றுதான் நடக்கிறது. நம் அச்சில் இரண்டு கால்களும் வரியின் தலையில். ஆங்கிலேயரிடமிருந்து வாங்கியதால் அவர்கள் வைத்த இடத்திலேயே வைத்தோம். தட்டச்சுப் பொறி வந்தபோது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே நேர்க்கீற்று என்றாயிற்று. கணினி விசைப்பலகையும் அதையே தொடர்ந்தது. எது திறக்கிறது, எது மூடுகிறது என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அருகில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூடும் இடத்தில் 'என' இருப்பதால் தமிழில் அதுவும் நடந்துவிடுகிறது.